பாபி சாண்ட்ஸ் தியாகியா? எனக்குச் சம்மதமில்லை

பழையவக்கீல்:
மே 5 வந்தால் போதும், 1981இல் அந்த நாளில் வட அயர்லாந்துச் சிறையில் பட்டினிப் போராட்டத்தில் இறந்த பாபி சாண்ட்ஸின் சிரித்த முகத்தைப் போட்டு அஞ்சலி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நேற்று இங்கேயே ஒருவர் ‘அயர்லாந்தின் அகிம்சைப் போராளி’ என்று எழுதியிருந்தார். அகிம்சைக்கு வந்த சோதனை! அந்த மனிதர் 18 வயதில், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வில் சேர்ந்தவர். 1972இல் அவர் தங்கியிருந்த வீட்டில் நான்கு கைத்துப்பாக்கிகள் சிக்கின, சிறை சென்றார். 1976 வசந்த காலத்தில் விடுதலையானார். அதே ஆண்டு அக்டோபரில், பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரியில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குக் குண்டு வைக்கப்பட்டது. பக்கத்திலேயே காரில் துப்பாக்கியோடு மறுபடி பிடிபட்டார். பிறகு சிறையில் கைதிகளுக்கான உரிமைகள் கேட்டு 66 நாள் பட்டினி கிடந்து 27 வயதில் இறந்தார். வருத்தம்தான். ஆனால் பட்டினி கிடந்து இறந்துவிட்டால் முன்கதை எல்லாம் கழுவிப் போய்விடுமா?

ஊர்க்குருவி:
வக்கீல் ஐயா, வழக்குக் கட்டில் பாதியைத்தான் புரட்டியிருக்கிறீர்கள். குண்டு வைத்த குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. காரில் இருந்தவர்கள் நால்வர், துப்பாக்கி ஒன்று. அதற்குத்தான் 14 ஆண்டு. அதுவும் ஜூரி இல்லாத டிப்ளாக் நீதிமன்றத்தில். ஐ.ஆர்.ஏ. போன்ற ஆயுதக் குழுக்களின் வழக்குகளுக்கென்றே 1973இல் உண்டாக்கிய ஏற்பாடு அது. சட்டம் தனி, நீதிமன்றம் தனி, விசாரணை தனி. சிறைக்குள் போனதும் கைதி மட்டும் சாதாரணக் கைதி, அரசு கொடுக்கிற சீருடையைப் போட்டுக்கொள்ள வேண்டும்! 1976 மார்ச் 1க்கு முன் நடந்த குற்றமென்றால் அரசியல் கைதி போன்ற சிறப்புத் தகுதி உண்டு, பின் என்றால் கிடையாது. காலண்டரைப் பார்த்து ஒருவன் அரசியல் கைதியா கிரிமினலா என்று முடிவு செய்வதற்குப் பெயர் சட்டமா?

18 வயதில் ஏன் சேர்ந்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். கோச் கட்டும் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவரைத் புராட்டஸ்டன்ட் தரப்பினர் துப்பாக்கி முனையில் விரட்டினார்கள். 1972இல் குடும்பமே தாங்கள் வாழ்ந்த ராத்கூல் குடியிருப்பை விட்டு ட்வின்புரூக் என்ற வேறு குடியிருப்புக்கு ஓட வேண்டியதாயிற்று. கத்தோலிக்கர்கள் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை.

கணக்குப்பிள்ளை:
விரட்டப்பட்டவர்கள் எல்லோரும் துப்பாக்கி எடுக்கவில்லை, குருவி. வட அயர்லாந்தின் முப்பது ஆண்டுக் கலவரத்தில் ஐ.ஆர்.ஏ. கொன்றவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். வேறு எந்தத் தரப்பும் இவ்வளவு கொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். சாண்ட்ஸ் சிறையில் பட்டினி கிடந்தபடியே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நின்ற இடைத்தேர்தல் 1981 ஏப்ரல் 9. இரண்டு நாளுக்கு முன், டெர்ரியில் வீடு வீடாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வாங்கப் போன ஒரு பெண்ணை ஐ.ஆர்.ஏ.காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். 29 வயது. கையில் இருந்தது காகிதம். அவருக்கு எந்தச் சுவரில் படம் வரைந்திருக்கிறார்கள்?

பெல்ஃபாஸ்ட்வாசி:
நான் பெல்ஃபாஸ்டுக்கு வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டு. படம் என்றதால் சொல்கிறேன். கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் சாலையில், ஐ.ஆர்.ஏ.வோடு சேர்ந்த அரசியல் கட்சியாக இருந்த சின் ஃபெய்ன் அலுவலகத்தின் பக்கச் சுவர் முழுக்கச் சாண்ட்ஸ்தான். நீள முடி, சிரிப்பு. முதல் சிறைவாசத்தில் நண்பர்களோடு எடுத்த படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். அப்போது லாங் கெஷ் சிறையில் சொந்த உடை போட்டுக்கொள்ளலாம். பிறகு அங்கேயே கட்டிய எச் பிளாக் என்ற சிறைக் கட்டடங்களில் சீருடையை மறுத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மலம் பூசிய சுவர்களுக்கு நடுவே கிடந்த காலத்தை அந்தச் சிரிப்பில் தேடினால் கிடைக்காது. அங்கே அவர் கழிப்பறைக் காகிதத்தில், பேனா ரீஃபில்லால், பொடி எழுத்தில் எழுதினார். அவற்றை உடம்புக்குள் ஒளித்து வைத்தார்கள்.

ஃபால்ஸ் சாலையிலிருந்து பொடிநடையாகப் போனால் புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் சாலை. அந்தப் பக்கத்துச் சுவர்களில் வேறு ஆட்கள். நடுவே உயரமான தடுப்புச் சுவர். அதன் வாயில்களை இன்னமும் இரவில் பூட்டுகிறார்கள். என் அலுவலகத்தில் இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டார்கள்.

தாழம்பூ:
இடையில் ஒரு சின்னச் செய்தி. டெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகத்தை ஒட்டியிருந்த சர்ச்சில் தெருவுக்குப் பாபி சாண்ட்ஸ் பெயரை வைத்துவிட்டார்கள். விலாசத்தில் அந்தப் பெயர் வேண்டாமென்று தூதரகம் வாசலையே வேறு தெருப் பக்கம் மாற்றிக்கொண்டது!

பழையவக்கீல்:
குருவி சொன்ன காலண்டர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் சொன்னதிலும் இருக்கிறது: சாண்ட்ஸ் சாவைத் தாமே தேர்ந்தெடுத்தார், அவருடைய இயக்கம் தன்னிடம் சிக்கியவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. அந்த அம்மையாரை எனக்கும் பிடிக்காது. இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
பதில் சாண்ட்ஸ் நின்ற ‘ஃபெர்மானா, தெற்கு டைரோன்’ தொகுதியில் இருக்கிறது. சாண்ட்ஸுக்கு 30,492 வாக்கு. எதிர்த்து நின்ற, பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் கட்சியின் ஹாரி வெஸ்ட்டுக்கு 29,046. அந்த முப்பதாயிரம் பேரும் கொலைகாரர்களா? தோற்றது பொறுக்காமல், ஓராண்டுக்கு மேல் தண்டனை அனுபவிக்கும் கைதி இனிப் போட்டியிடவே கூடாதென்று அந்த ஆண்டே சட்டம் போட்டார்கள். கடைசி நாள்களில் அந்த எம்.பி.யை நீர்மெத்தையில் கிடத்தியிருந்தார்கள், பார்வை போயிருந்தது. காரில் கூடவே பிடிபட்ட ஜோ மெக்டானல், சாண்ட்ஸ் இறந்ததும் அவர் இடத்தில் பட்டினியைத் தொடங்கி ஜூலையில் இறந்தார். மொத்தம் பத்துப் பேர். அக்டோபர் 3இல் போராட்டம் முடிந்தது. மூன்றே நாளில் சொந்த உடைக்கு அனுமதி வந்தது. பட்டினி தொடங்கிய மார்ச்சிலேயே கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கணக்குப்பிள்ளை:
முடித்துவைத்தவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். நினைவிழந்த பிள்ளைக்கு மருத்துவம் பாருங்கள் என்று கையெழுத்துப் போட்ட தாய்மார்கள். தலைமை அல்ல.

பழையவக்கீல்:
கொடுத்தது உடை. ‘அரசியல் கைதி’ என்ற பெயரைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

ஊர்க்குருவி:
பெயரை யார் கேட்டார்கள்? சொந்த உடை, சிறை வேலை கூடாது, கைதிகள் ஒன்றுகூடும் உரிமை, வாரம் ஒரு சந்திப்பும் கடிதமும் பார்சலும், பறித்த தண்டனைக் குறைப்பைத் திருப்பித் தருவது. கேட்டது இந்த ஐந்துதான். அந்தச் சொல் இதில் எங்கே இருக்கிறது?

பழையவக்கீல்:
வாக்குச்சீட்டில் இருக்கிறது, தம்பி. சாண்ட்ஸின் பெயருக்குக் கீழே தம்மை என்னவென்று போட்டுக்கொண்டார் என்று பாருங்கள்.