பிரிண்டர் பழுதா, சிஸ்டம் பழுதா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இங்க்ஜெட் பிரிண்டர் ஓடவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கணினி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரிண்டரைத் தனியாக, மைத் துளைகளைச் சோதிக்கும் ஒரு நாசில் செக் பக்கம் அடிக்க வைத்தீர்களா? திரை உள்ள மாடல் என்றால் மெயின்டனன்ஸ் மெனுவில் இருக்கும். திரை இல்லாதவற்றில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் சுத்தமாக வந்துவிட்டால் ஹெட் (மை தெளிக்கும் பாகம்), மை, மோட்டார், ரோலர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு கேபிளுக்கு அந்தப்புறம். பக்கமே கெட்டுப்போய் வந்தால் டிரைவரை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினார். மாறியதும் கறுப்பு எழுத்து வரவில்லை, கலர் மட்டும் வருகிறது. எல்லாரும் ஒரே குரலில் டிரைவர் பிரச்சினை என்றார்கள். பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போகலாம் என்றுகூட யோசித்தார். கேபிளைக் கழற்றி நாசில் செக் அடித்தோம். மூன்று கலர் வரிசையும் முழுசாக இருக்கிறது, கறுப்பு வரிசை மட்டும் அடியோடு காணோம். புது சிஸ்டம் வந்து சேரும்வரை பிரிண்டரைச் சில வாரம் தொடவே இல்லையாம். கடைசியாக அணைத்ததும் பிரிண்டரின் பட்டனில் இல்லை, பிளக் போர்டு சுவிட்சில். அப்படி அணைத்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமலே நின்றுவிட வாய்ப்பு அதிகம். பல மாடல்களில் கலர் மை சாயம், கறுப்பு மட்டும் நிறமித் துகள் கலந்தது. காற்றுப் பட்டால் முதலில் இறுகுவது கறுப்புதான். விண்டோஸ் மாறிய நேரமும் மை காய்ந்த நேரமும் ஒன்றாகிவிட்டதால் பழி விண்டோஸ் மேல் விழுந்தது. இரண்டு கிளீனிங் ஓட்டி, ஒரு இரவு சும்மா விட்டு, காலையில் இன்னொன்று ஓட்டியதும் கறுப்பு வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

* * *

நல்ல இழை அண்ணா. நாசில் செக் பக்கத்தை ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். படிக்கட்டு மாதிரி இறங்கும் அந்தக் கோடுகளில் இரண்டு தாளிலும் அதே இடத்தில் இடைவெளி இருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். இடைவெளி தாளுக்குத் தாள் இடம் மாறினால் பெரும்பாலும் அடைப்பு இல்லை, மை சரியாக வந்து சேரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது டேங்கில் மட்டம் இறங்கியிருக்கும். டேங்க் மாடல் ஒன்றில் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். மஞ்சள் குழாயில் விரற்கடை நீளத்துக்குக் காற்று நின்றது. அதற்குச் சாதாரண கிளீனிங் எத்தனை ஓட்டினாலும் போதவில்லை, மை ஏற்றும் தனி ஆப்ஷன் ஓட்டிய பிறகுதான் குழாய் நிரம்பியது.

கிளீனிங்கை விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை, பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சு அட்டைக்குத்தான் போகிறது. எவ்வளவு போனது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு எல்லையைத் தொட்டால் விளக்குகள் மாறி மாறி மின்னும், பிறகு எதையும் அடிக்காது. சில மாடல்களில் பஞ்சு உள்ள பெட்டியை நாமே மாற்றலாம், பலவற்றில் சர்வீசுக்குத்தான் போக வேண்டும். கவுன்ட்டரை மட்டும் பூஜ்யமாக்கும் சாஃப்ட்வேர் கிடைக்கிறது என்று ஓட்டிவிடாதீர்கள். பஞ்சு ஊறியபடியேதான் இருக்கும், அப்புறம் மை மேஜையில் வழியும்.

இன்னொன்று. கேனான், எச்பி இங்க்ஜெட்கள் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தெறிக்க வைப்பவை. எப்சன், பிரதர் வகைகளில் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ தகடு மையைத் தள்ளுகிறது. சூடாக்கும் வகையில் ஹெட்டைக் குளிரவைப்பதும் அந்த மையேதான். மை வராத ஹெட்டில் பக்கம் பக்கமாக அடிக்கச் சொன்னால் அடைப்போடு போயிருக்க வேண்டியது ஹெட்டே கருகுவதில் போய் முடியும். கார்ட்ரிட்ஜோடு ஹெட்டும் சேர்ந்து வரும் மாடல் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட்.

* * *

எனக்கு வந்தது வேறு மாதிரி. ஆன் செய்ததும் ஹெட் வேகமாக ஓடி ஓரத்தில் 'டக்'கென்று இடிக்கும், பேப்பர் ஜாம் என்று காட்டும். உள்ளே ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஹெட் ஓடும் தண்டுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும். அதில் மிக நுண்ணிய கோடுகள், அவற்றை எண்ணித்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. என் பிரிண்டரில் அந்தப் பட்டையின் நடுவில் தண்டிலிருந்த கிரீஸ் ஒட்டி ஒரு அங்குலத்துக்கு மங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, பட்டையை இழுக்காமல் ஒரே திசையில் துடைத்தேன். இடிப்பது நின்றுவிட்டது. கடும் கரைப்பான் எதுவும் வேண்டாம், கோடுகளே அழிந்துவிடலாம்.

* * *

என் கதை முழுக்க சிஸ்டம் பக்கம். பழைய ஆல்-இன்-ஒன், இயந்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. கூட வந்த சிடியில் இருந்தது 32 பிட் டிரைவர் மட்டும். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, அப்ளிகேஷன் என்றால் 32 பிட்டிலும் ஓடிவிடும், டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அந்த வழியும் அடைபட்டது. கடைசியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிந்தைய மாடலின் டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்தேன். பிரிண்ட் வருகிறது, ஓரம் வரை அடிக்கும் வசதி மட்டும் போச்சு. ஸ்கேனர் அசையவே இல்லை. பிரிண்ட் டிரைவரும் ஸ்கேன் டிரைவரும் வேறு வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. ஆப்பிள் பக்கமும் இந்தக் கதை உண்டு: 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் புரோகிராம்களை நிறுத்தியதும் பல பழைய ஸ்கேன் மென்பொருள்கள் ஒரே நாளில் செத்தன.

* * *

சார், அதே ஆல்-இன்-ஒன்னை லினக்ஸில் முயன்று பார்த்தீர்களா? பழைய இயந்திரங்களுக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், டிரைவர் தொகுப்பான குட்டன்பிரிண்ட் இரண்டும் சேர்ந்து கம்பெனியே கைவிட்ட மாடல்கள் பலவற்றை ஓட்டுகின்றன, ஸ்கேனருக்கு சேன் என்ற மென்பொருள் இருக்கிறது. நிறுவ வேண்டிய அவசியமில்லை, பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து பாருங்கள். அங்கே ஸ்கேன் ஓடினால் பிரிண்டர் நல்லது, விண்டோஸ் டிரைவர்தான் தடை என்பது உறுதியாகிவிடும்.

* * *

பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்து அடித்துத் தள்ளினால் உடனே ஹெட்டையோ போர்டையோ சந்தேகிக்காதீர்கள். 2025 ஜனவரி இறுதியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில யுஎஸ்பி பிரிண்டர்கள் தாமாகவே எழுந்து, 'போஸ்ட் ஐபிபி பிரிண்ட்' என்பது போலத் தொடங்கும் வரிகளை அடித்தன. ஐபிபி என்பது கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் பொதுவான முறை; அதில் பிரிண்டருக்கு விண்டோஸ் அனுப்பும் உள் கட்டளையே தாளில் விழுந்திருக்கிறது. அடுத்தடுத்த அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரி செய்தது.

வைஃபையில் 'ஆஃப்லைன்' என்று காட்டுவது வேறு கேஸ். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி கிடைத்திருக்கும், விண்டோஸ் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன், அதன் பிறகு தொல்லை இல்லை. புது ரவுட்டர் மாற்றியவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பிரிண்டர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது.

* * *

இழையைத் தொடங்கியவன் மறுபடி. இன்பாக்ஸில் ஒரே கேள்வி பலமுறை வந்தது: "விண்டோஸ் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடித்துவிட்டது, பிரிண்டும் வருகிறது, ஆனால் மை அளவையும் ஹெட் கிளீனிங்கையும் காணோம்." பழுது இல்லை. விண்டோஸ் போட்டிருப்பது கம்பெனி டிரைவர் அல்ல, எல்லா மாடலுக்கும் பொதுவான ஐபிபி டிரைவர். அது பிரிண்ட் அடிக்கும், பராமரிப்பு மெனுவெல்லாம் அதில் வராது. கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, ஆகவே இது இன்னும் பலருக்கு வரும். கிளீனிங்கைப் பிரிண்டரின் பட்டனிலேயே ஓட்டிக்கொள்ளலாம். முழு டிரைவரும் வேண்டும் என்றால் கம்பெனி தளத்திலிருந்து இப்போதே இறக்கி, ஒரு பிரதியை வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். மாடல் பழசாகப் பழசாக அந்தப் பக்கங்களை எடுத்துவிடுகிறார்கள்.