விண்டோஸ் 11-ஐ 11 என்று சொன்னது பைதான் செய்த தப்பா?

தோவாளை_பிச்சி:
பூ மார்க்கெட்டுல ஒரு கமிஷன் கடைக்கு பில் போடுற ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்திருந்தேன். விண்டோஸ் 11 மிஷின், புரோகிராம் எழுதுற பாஷை பைதான் 3.8. மிஷின் விவரம் சொல்லுற பிளாட்ஃபார்ம் மாட்யூல்ல ரிலீஸ், அதாவது விண்டோஸ் வெர்ஷன், கேட்டா "10"ன்னு வரும். "10"னா மட்டும் பிரிண்டருக்கு அனுப்புன்னு எழுதி வச்சேன். போன வாரம் 3.12 ஏத்துனேன். இப்ப "11"ங்குது. விடியக்காலம் ஆளு நெரிசல்ல பில் வரல்ல, கடைக்காரரு பீடிக்கட்டு அட்டையில கணக்கு எழுதுனாரு. மிஷின் அதேதான், பதில் மட்டும் மாறுது. பைதான் கூடவே வர்ற ஸ்டாண்டர்டு லைப்ரரி இப்பிடிச் செய்யலாமா?

குளச்சல்_கரை:
அண்ணே, முன்னால சொன்னதுதான் தப்பு. விண்டோஸ் 11 உள்ளுக்குள்ள இன்னமும் 10.0தான். பில்டுங்குற உள்நம்பர் 22000-ல இருந்துதான் 11. பேரை விட்டுட்டு சிஸ் மாட்யூல்ல கெட்விண்டோஸ்வெர்ஷன் எடுத்து பில்டைப் பாருங்க.

தோவாளை_பிச்சி:
விண்டோஸ் சர்வர் 2025-க்கும் பில்டு 26100, விண்டோஸ் 11-ஓட 24எச்2 அப்டேட்டுக்கும் 26100. அதுக்குப் பொறவு புரொடக்ட் டைப் 1-ஆ (சாதா மிஷின்), 3-ஆ (சர்வர்)ன்னு தோண்டணும். இதையெல்லாம் நாமளே தோண்டணும்னா லைப்ரரி எதுக்கு?

மார்த்தாண்டம்_தேன்:
மக்கா, லைப்ரரி அதையும் செஞ்சு பாத்தாச்சு. எந்த லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் (டிஸ்ட்ரோ, லினக்ஸோட வகை)னு பேரு சொல்லுற ஃபங்ஷனை 3.8-ல தூக்கிட்டாங்க. ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் ஒவ்வொரு ஃபைல்ல பேரை எழுதி வச்சா யாரு பின்னால ஓடுறது? 3.10-ல வந்த புது ஃபங்ஷன், டிஸ்ட்ரோ தன் பேரை எழுதி வைக்குற ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலை வாசிச்சு அப்பிடியே குடுக்கும், ஊகமே கிடையாது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. மேக் இன்னும் மோசம்: பிக் சர்ங்குற மேக் ஓஎஸ் வெர்ஷன் 11-ஆ இருந்துகிட்டு பழைய புரோகிராமுக்கு 10.16-ன்னு சொல்லிச்சு. ஓஎஸ்ஸே ஆளு பாத்துப் பேசுது!

குளச்சல்_கரை:
அது கெடக்கட்டும். பிரிண்ட் எடுக்க வெர்ஷன் எதுக்கு அண்ணே?

தோவாளை_பிச்சி:
பழைய விண்டோஸ் 7 மிஷின்ல அந்த பிரிண்டர் தமிழைக் கட்டம் கட்டமா அடிச்சுது. அதைத் தடுக்கத்தான்.

குளச்சல்_கரை:
அப்ப "7-னா நிறுத்து"ன்னுல்லா எழுதணும்? "10 இல்லன்னா நிறுத்து"ன்னு எழுதிட்டு பைதானை ஏசுறியளே. அதுலயும் விண்டோஸ் 7-ல ஓடுற கடைசி பைதான் 3.8. நீங்க ஏத்துன 3.12 அதுல இன்ஸ்டாலே ஆவாது. அந்த வரியே வேண்டாம்.

தோவாளை_பிச்சி:
...இது எனக்குத் தோணல்ல. வரியை எடுத்துருதேன். ஆனா கேட்ட கேள்விக்கு நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு சொன்னது தப்புதான், அதுல இறங்கி வரமாட்டேன். நாளைக்கு முகூர்த்தம், கடைக்குப் போணும்.