பாறையேறிய பின் நடந்து இறங்க எந்தக் காலணி?

கேள்வி (தண்டையார்பேட்டை): கர்நாடகத்தில் உள்ள ராமநகரத்தின் கருங்கல் பாறையில் ஏறி, மறுபக்கமாக நடந்து இறங்கவிருப்பதால், இடுப்புப்பட்டையில் மாட்டிக்கொள்ளத்தக்க எடை குறைந்த காலணியைச் சொல்லுங்கள், ரப்பர் செருப்பு போதுமா?

பதில் (பெரம்பூர்): செருப்பு வேண்டவே வேண்டாம், தம்பி. குதிகாலைப் பிடிக்காத எதுவும் சரளைச் சரிவில் நழுவும். பாறையேறும்போது அணியும் இறுக்கமான காலணியோ விரல்களை மடக்கி இறுக்குவதால் நீண்ட இறக்கத்துக்கு ஆகாது. அதன் ரப்பரும் வீணாகத் தேயும். தட்டையாக மடங்கும் மெல்லிய ஓட்டக் காலணியை, குதிகால் வளையத்தில் காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கோத்துப் பின்புறம் தொங்கவிடுங்கள். ஆனால் வளையத்தின் தையலை முதலில் இழுத்துப் பாருங்கள்; அது அறுந்தால், காலணி கீழே நிற்பவர் தலைமேல் விழும்.

பதில் (ராயபுரம்): இறங்கும்போது விரல்கள் முன்னால் முட்டுமென்பதால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பாருங்கள்.

பதில் (வண்ணாரப்பேட்டை): அடிப்பகுதி தேய்ந்த பழைய காலணி, ஈரக் கருங்கல்லில் வழுக்கும்.