பொதி விழுந்ததும் மாதிரி விமானம் மூக்கைத் தூக்குது, உதவி வேணும்

ஓசூர்_இறக்கை: வத்தல்மலை மாதிரி ஊருக்கு மருந்துப் பொட்டலம் போடுற சோதனை விமானம். பொதியோட 4 கிலோ, பொதி 1 கிலோ. இறக்கை அகலம் முன்விளிம்புலேருந்து பின்விளிம்பு வரை 25 செ.மீ. பொதிப்பெட்டி ஈர்ப்பு மையத்துக்கு 6 செ.மீ. முன்னாடி. விட்டதும் மூக்கு எகிறி ஸ்டால் ஆகுது (இறக்கை தூக்குவிசையை இழக்குது). 60 செ.மீ. பாராசூட் விரிஞ்சும் பாட்டில் உடையுது. பொதியைப் பிடிச்சிருக்கிற பின் (கம்பி ஊசி) சில தடவை சிக்கிக்குது (அதை இழுக்கிற குட்டி மோட்டார் 9 கிராம் செர்வோ, பின் 2 மி.மீ. பியானோ கம்பி).

தராசுமுள்: தம்பி, பெட்டி இருக்கிற இடம்தான் கோளாறு. 1 கிலோ போனா மீதி 3 கிலோவோட மையம் 2 செ.மீ. பின்னாடி ஓடுது, அதாவது இறக்கை அகலத்துல 8 சதவீதம். எலிவேட்டர் டிரிம்மால (மூக்கை ஏத்தி இறக்குற வால் மடலோட நுண் திருத்தம்) இதைச் சமாளிக்க முடியாது. பொதியோட நடுவு மையத்துக்கு நேர் கீழே வரணும். அப்படி நகர்த்தினா மொத்த மையம் 1.5 செ.மீ. பின்னாடி வரும், பேட்டரி 400 கிராம்னா அதை 15 செ.மீ. முன்னே தள்ளுங்க. பொதியோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை விரல்ல நிறுத்திப் பாருங்க, ஒரே புள்ளியில நிக்கணும். அப்பவும் எடை குறைஞ்சதால கொஞ்சம் மேலே ஏறும். விடுற சுவிட்சுலயே துளி டவுன் எலிவேட்டர் மிக்ஸ் (பொதி விடும்போதே மூக்கைத் தானா கொஞ்சம் கீழே இறக்குற அமைப்பு) போட்டா போதும்.

குடைத்துணி: 60 செ.மீ.க்கு 1 கிலோ ரொம்ப அதிகம்ணா. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.1 கிலோதான். தட்டையான வட்டத்துணிக்கு இழுவை எண் (காத்தை எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு) 0.75னு வெச்சா வினாடிக்கு 9 மீட்டர் வேகத்துல இறங்கும். 4 மீட்டர் உயரத்துலேருந்து கைநழுவி விழுற அடி. 5 மீட்டர் வேகம் வேணும்னா விட்டம் 1.1 மீட்டர். கயிறும் அதே நீளம். உச்சியில 11 செ.மீ. ஓட்டை விட்டா ஊஞ்சலாடாது. ஆனா மெதுவா இறங்கினா காத்து இழுத்துட்டுப் போகும்: 40 மீட்டர் உயரம், வினாடிக்கு 4 மீட்டர் காத்துன்னா 32 மீட்டர் தள்ளி விழும். கிருஷ்ணகிரிப் பக்கம்னா நேரா மாந்தோப்புல மாட்டும்.

ஓசூர்_இறக்கை: பொதி இல்லாம நிறுத்திப் பாத்தேன், சரியா 2 செ.மீ. பின்னாடி. பின்னுக்கு என்ன பண்றது?

தராசுமுள்: ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருந்தா எடையில கம்பி வளைஞ்சு துளையைக் கடிக்கும். 3 மி.மீ. கம்பி, ரெண்டு பக்கமும் பித்தளைக் குழாய், நடுவுல பொதி வளையம். 2 கிலோ தொங்கவிட்டு 20 தடவை தரையில இழுத்துப் பாத்துட்டுப் பறக்கவிடுங்க. 4 கிலோ ட்ரோன் விதிப்படி 'ஸ்மால்' வகை. டிஜிட்டல் ஸ்கை (அரசோட ட்ரோன் இணையதளம்) வரைபடத்துல இடத்தோட நிறம் பாருங்க, அங்க பறக்கவிட அனுமதி வேணுமான்னு அது காட்டும்; ஓசூர்ல விமான ஓடுதளம் இருக்கு.