உதவி தேவை: துலக்கி வைத்த தகரம் ஒரே இரவில் துரு பிடிக்கிறது, கம்ப்ரசரும் தண்ணீர் துப்புகிறது

ஃபியட்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. 1964 மாடல் ஃபியட் 1100டி ஒன்றை வீட்டு கராஜிலேயே வைத்துச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு கார் நிற்கும் இடம். காங்கிரீட் தரை, தகரக் கூரை, முன்னால் ஷட்டர், பின்னால் சின்ன ஜன்னல். ஒர்க் பெஞ்ச், வைஸ், மிக் வெல்டிங் மெஷின், 2 எச்பி கம்ப்ரசர் (50 லிட்டர் டேங்க்) எல்லாம் வந்துவிட்டன. வேலைதான் நகரமாட்டேன் என்கிறது.

கதவின் பழைய பெயிண்டை உரித்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் வந்து பார்த்தால் செம்பழுப்பாகப் பூத்திருக்கிறது. திரும்பத் தேய்த்தாலும் மறுநாள் அதே கதைதான்.

இன்னொன்று, சாண்ட் பிளாஸ்டிங் கன் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவையும் பெயிண்டையும் உரிப்பது). முதலில் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் துப்ப ஆரம்பிக்கிறது. மணல் கட்டி கட்டியாகி நாசில் அடைத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் வாயிலேயே வாட்டர் ட்ராப் (காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்துப் பிடிப்பது) மாட்டியும் பயனில்லை.

தரையிலிருந்துதான் ஈரம் ஏறுகிறது, எபாக்சி கோட்டிங் போடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

தகரத்தட்டி:
தரையில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அரை மீட்டர் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் ஷீட் போதும். அதைத் தரையில் விரித்து நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஷீட்டின் அடியில் தண்ணீர் கோத்திருந்தாலோ காங்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. அடியில் காய்ந்து, மேலே மட்டும் நனைந்திருந்தால் அது காற்றில் இருக்கும் ஈரம். அப்போது எவ்வளவு நல்ல தரை போட்டாலும் துரு நிற்காது.

துரு முதலில் எங்கே தெரிகிறது என்றும் பாருங்கள். கதவு முழுக்கப் பரவலாகவா, இல்லை கைபட்ட இடங்களிலா?

ஃபியட்பிரியன்:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஷீட்டுக்கு அடியில் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. மேலே விரலால் கோடு போடும் அளவுக்குப் பனித்திருந்தது. துரு கதவு முழுக்க மெல்லியதாகப் பரவியிருக்கிறது. அதற்கு நடுவில் கதவைத் தூக்கிப் பிடித்த இடத்தில் மட்டும் நாலு விரல் தடமும் ரேகை உட்படக் கரும்பழுப்பாகப் பதிந்திருக்கிறது.

வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் ஈரம் போகட்டும் என்று இரவு கிளம்புவதற்கு முன் ஷட்டரை இறக்கிவிட்டு கேஸ் ஹீட்டரை ஒரு மணி நேரம் எரியவிட்டுத்தான் போகிறேன்.

தகரத்தட்டி:
ஹீட்டருக்குப் புகைப்போக்கி உண்டா? இல்லை உள்ளேயே எரிகிற வகையா?

ஃபியட்பிரியன்:
உள்ளேயே எரிகிற வகை. சிலிண்டரோடு உருட்டிக்கொண்டு போகலாம்.

தகரத்தட்டி:
அதுதான் உங்கள் துரு. கேஸ் எரியும்போது சூடு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் ஆவியாக வருகிறது. 1 கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். ஷட்டரை மூடிவிட்டதால் அது அத்தனையும் உள்ளேயே தங்குகிறது. ஹீட்டர் எரியும்வரை காற்று சூடாக இருப்பதால் தெரியாது. அணைத்த பிறகு முதலில் குளிர்வது தகரக் கூரையும் உங்கள் கதவும்தான். காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் அங்கே போய்ப் படிகிறது. காலையில் கூரையின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும்.

ஹீட்டரை இன்றோடு நிறுத்துங்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று வையுங்கள், ஜன்னல், ஷட்டர் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டு ஓட்டினால்தான் அது வேலை செய்யும். ஒரு ஈரமானியும் பக்கத்தில் மாட்டுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துரு ஏறும். 50க்குப் பக்கத்தில் வைத்திருந்தால் நிம்மதி.

விரல் தடம் வியர்வையின் உப்பு. உரித்த தகரத்தை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

நிதானம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஃபியட்பிரியன், காரின் பெட்ரோல் டேங்க் இப்போது எங்கே இருக்கிறது?

ஃபியட்பிரியன்:
கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டு கராஜ் மூலையில் வைத்திருக்கிறேன். காலி டேங்க்தான்.

நிதானம்:
தயவுசெய்து இதைப் படித்த உடனே அதை வெளியே எடுத்து வையுங்கள். வடித்த டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும் பதத்தில் நிற்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். உங்கள் ஹீட்டரின் சுடர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கிரைண்டர் பொறியும் வெல்டிங் பொறியும் அங்கேதான் விழுகின்றன. டேங்கைக் கழுவிவிட்டோம் என்று நம்பி அதில் யாரும் வெல்டிங் வைக்கவும் வேண்டாம். அந்த வேலைக்கென்றே இருப்பவர்களிடம் கொடுங்கள்.

வெல்டிங் பிடிக்கும் இடத்தை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

காற்றழுத்தம்:
கம்ப்ரசர் விஷயத்துக்கு வருகிறேன். 8 பார் அழுத்தத்தில் ஒன்பது லிட்டர் காற்று ஒரு லிட்டர் இடத்துக்குள் அடைபடுகிறது. ஒன்பது லிட்டரில் இருந்த ஈரமும் அதே ஒரு லிட்டருக்குள் வந்தாக வேண்டும். சூடாக இருக்கும்வரை ஆவியாகவே நிற்கும், ஆறியதும் தண்ணீராகிவிடும்.

நீங்கள் ட்ராப் மாட்டியிருப்பது கம்ப்ரசர் வாயில். அங்கே காற்று கொதிக்கக் கொதிக்க வருகிறது, பிடிப்பதற்குத் தண்ணீரே இல்லை. ட்ராப்பைத் தாண்டி ஹோஸில் போய் ஆறி, கன் வாயில் தண்ணீராகத் துப்புகிறது. ட்ராப்பைக் கழற்றி லைனின் கடைசியில், ஹோஸ் மாட்டும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். நடுவில் ஏழெட்டு மீட்டராவது உலோகக் குழாயைச் சுவரில் ஓட்டுங்கள்; செம்பு அல்லது அலுமினியம் என்றால் சீக்கிரம் ஆறும். குழாய்க்கு லேசான சாய்வு வேண்டும், தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வால்வு வேண்டும். கிளைகளைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அப்போதுதான் அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் வராது. விலை குறைவு என்று பிவிசி குழாய் போட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் உடைந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். டேங்கின் அடி வால்வைத் தினமும் திறந்து வடியுங்கள்.

ஆனால் இவ்வளவு செய்தாலும் 2 எச்பி பிளாஸ்டிங்குக்குக் காணாது. அந்த கன் கேட்கும் காற்றில் பாதிதான் உங்கள் மெஷின் தரும். அதனால் நிற்காமல் ஓடிச் சூடேறுகிறது, தண்ணீரும் அதிகமாகிறது. பெரிய பாகங்களை வெளியே கொடுத்துவிடுங்கள். கதவு, பானெட் மாதிரி அகலத் தகரத்துக்கு பிளாஸ்டிங்கே வேண்டாம், நெளிந்துவிடும். கிரைண்டரில் ஸ்ட்ரிப்பிங் டிஸ்க் போதும். அப்புறம், மணலை விட்டுவிடுங்கள். அதன் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுத்தால் திரும்ப வராது. அதற்குப் பதில் கார்னெட் கல்துகள் வாங்குங்கள், அதற்கும் சரியான மாஸ்க் போடுங்கள்.

வர்ணக்கை:
ஈரத்தை அடக்கினாலும் வெறும் தகரத்தை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். ஒரு நாளில் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் உரியுங்கள். 80 நம்பர் கீறல், கிரீஸ் ரிமூவரால் இரண்டு துணித் துடைப்பு, அன்றைக்கே எபாக்சி பிரைமர். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், எபாக்சி அப்படியில்லை.

ராக்கர் பேனலை (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரம்) வெட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று: 1100டிக்குத் தனி சேஸி கிடையாது, பாடிதான் எலும்பு. வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாயை வெல்டு செய்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து, கதவு மறுபடி மூடாது.

ஃபியட்பிரியன்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டேங்க் அன்றைக்கே வெளியே போய்விட்டது. ஹீட்டரை நிறுத்தியதிலிருந்து கூரை காய்ந்திருக்கிறது. டீஹியூமிடிஃபையர் ஓடுகிறது, ஈரமானி 52 காட்டுகிறது. சோதனைக்காக உரித்து வைத்த தகரத் துண்டு காலையிலும் வெள்ளையாகவே இருந்தது. கதவுக்கு எபாக்சி அடித்துவிட்டேன். மேடுபள்ளத்தை நிரவப் பட்டி போட எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

வர்ணக்கை:
டப்பாவோடு வரும் தாளில் அந்தக் கால அளவு இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். அதற்குள் என்றால் நேரே பட்டி போடலாம். தாண்டிவிட்டால் 180 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, துடைத்துவிட்டுப் போடுங்கள்.