ஜப்பானில் முதல் நாள்: சனிக்கிழமை காலையில் நரித்தாவில் இறங்கும் நால்வர் என்ன செய்யலாம்?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது வேலை நிமித்தம் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் பிரிந்திருக்கும் நண்பர்கள் நால்வர் அக்டோபர் முதல் வாரத்தில் ஜப்பானுக்குப் புறப்படுகிறோம். வெள்ளிக்கிழமை இங்கிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று, இரவு விமானம் ஏறி, சனிக்கிழமை காலை ஏழு மணியளவில் நரித்தா விமான நிலையத்தில் இறங்குகிறோம். தங்குவிடுதி தோக்கியோவின் அசகுசா பகுதியில் பதிவாகிவிட்டது. மற்ற நாள்களுக்கான திட்டத்தில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முதல் நாளைப் பற்றித்தான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது.

ஒருவன் பெட்டிகளோடு நேரே பூஜி மலைக்குப் போக வேண்டும் என்கிறான். இன்னொருவன் புரட்டாசி விரதத்தில் இருக்கிறான். அன்று சனிக்கிழமை என்பதால் முட்டைகூடத் தொடமாட்டான், வீட்டிலிருந்து சிறிய மின்சார அரிசிக் குக்கரை எடுத்து வருவதாகவும் சொல்கிறான். மூன்றாமவனுடைய பாட்டியின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். பாட்டி பயணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த ரயில் பாதையில் ஓடிய இயந்திரம் ஒன்று தோக்கியோவில் இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, அதைப் பார்த்து வரும்படி பேரனிடம் கேட்டிருக்கிறார். அவன் அதை முதல் நாளே முடித்துவிட நினைக்கிறான். எனக்கோ குளித்துவிட்டுப் படுத்தால் போதும். முதல் நாளை எப்படி அமைப்பது முறை? ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு வரம்பின்றிப் பயணிக்கும் ஜேஆர் பாஸை விமான நிலையத்திலேயே வாங்கிவிட வேண்டுமா?

கிந்தா அக்கா:

தம்பி, படுத்தால் போதும் என்று நினைத்தாலும் படுக்க இடம் கிடைக்காது. ஜப்பானியத் தங்குவிடுதிகளில் பெரும்பாலும் மாலை மூன்று மணிக்குத்தான் அறையைக் கொடுப்பார்கள். பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் பேரம் பேச வழியில்லை. ஆகவே உங்கள் முதல் நாள் என்பது உண்மையில் ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், கையில் பெட்டியும் இல்லாமல் அறையும் இல்லாமல் நீங்கள் எப்படி இருக்கப்போகிறீர்கள் என்ற கேள்விதான்.

நம் மின்னியல் கடப்பிதழுக்கு 2013 ஜூலை முதல் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனாலும் புறப்படுவதற்கு முன்பே விசிட் ஜப்பான் வெப் தளத்தில் ஒவ்வொருவரும் தத்தம் விவரங்களைப் பதிந்து, குடிநுழைவுக்கும் சுங்கத்துக்கும் உரிய கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படமாகச் சேமித்து வையுங்கள். இறங்கிய பிறகு இணையத்தைத் தேடிக்கொண்டு வரிசையில் நிற்கும் நால்வரில் ஒருவர் கோபப்படுவது உறுதி.

சாப்பாட்டுப் பொருள்களில் கவனம் தேவை. செருண்டிங் (உலர்ந்த இறைச்சித் துருவல்), சாசேஜ் உட்பட இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுபோகக் கூடாது. புதிய பழம், கறிவேப்பிலை போன்றவற்றுக்குப் பயிர் நலச் சான்றிதழ் கேட்பார்கள். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். மருந்தகத்தில் கேட்டு, அது இல்லாததாக வாங்கிக்கொள்ளுங்கள்.

விரதத்தில் இருக்கும் தம்பியிடம் அரிசிக் குக்கரை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், செருகி தட்டையான இரண்டு கால் உடையது. நம் 240 வோல்ட் குக்கர் அதில் வெதுவெதுப்பாகுமே தவிர சோறு வேகாது. கைப்பேசி மின்னேற்றிக்குச் சிக்கல் இல்லை, மாற்றுச் செருகி மட்டும் போதும்.

பனிமலைப் பித்தன்:

அக்கா சொன்னவை சரியே, ஆனால் ஓய்வு எடுக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஜப்பான் நமக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் முன்னால் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போனவர்கள் போல உடல் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை. ஏழு மணி நேர விமானப் பயணத்தில் நான்கு மணி நேரம் தூங்கினால் இளைஞர்களுக்குப் போதுமானது. அக்டோபரில் வானம் எந்த நாளில் தெளிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கிய நாளில் வானிலை நன்றாக இருந்தால் தோக்கியோவின் ஷின்ஜுக்கு சென்று, பூஜி அடிவாரத்தில் ஏரிக்கரையிலுள்ள கவாகுச்சிகோவுக்கு விரைவுப் பேருந்து பிடிப்பதில் என்ன தவறு? பணம் கட்டி ஏரிக்கரைவரை போய், மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம்.

ஆறாவது மாடி (தோக்கியோ, சொந்த ஊர் கோலகங்சார்):

பித்தன் அண்ணா வானிலையைப் பற்றிச் சொன்னது முழுவதும் உண்மை. கணக்குதான் இடிக்கிறது. ஏழு மணிக்கு விமானம் இறங்கினால் குடிநுழைவும் சுங்கமும் முடித்து வெளியே வர எட்டரை ஆகும். நரித்தாவிலிருந்து ஷின்ஜுக்குவுக்கு விரைவு ரயிலிலேயே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கவாகுச்சிகோவுக்குப் பேருந்தில் சாதாரணமாக இரண்டு மணி நேரம், சனிக்கிழமை காலையில் தோக்கியோவாசிகள் பாதிப்பேர் அதே நெடுஞ்சாலையில்தான் இருப்பார்கள். பேருந்து இருக்கைகளும் வார இறுதியில் முன்பதிவில்லாமல் கிடைப்பது அரிது. நீங்கள் ஏரிக்கரையை அடையும்போது பிற்பகல் ஒன்றரை, இரண்டு ஆகியிருக்கும். பூஜி பொதுவாகத் தெளிவாகத் தெரிவது அதிகாலையில். நண்பகலுக்கு மேல் மேகம் சூழ்ந்துகொள்ளும். அக்டோபர் தொடக்கத்தில் இங்கே சூரியன் மாலை ஐந்தே கால், ஐந்தரைக்குள் மறைந்துவிடும். நம் ஊரில் ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் திட்டம் போடும்போது இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பூஜிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி, முதல் பேருந்தில் போங்கள்.

அசகுசாவில் தங்குவது உங்களுக்குப் பெரிய வசதி. நரித்தாவிலிருந்து கெய்செய் ஆக்சஸ் எக்ஸ்பிரஸ் ரயில்களில் பல, தடம் மாறாமல் நேரே அசகுசா நிலையத்துக்கு வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்கைலைனர் வேகமானதுதான், ஆனால் அது உவெனோவுக்குப் போகிறது, கட்டணமும் இரு மடங்குக்கு அருகில்; பெட்டிகளோடு மீண்டும் ரயில் மாற வேண்டும். விமான நிலையத்திலேயே வெல்கம் சுய்க்கா அட்டை வாங்கிவிட்டால் ரயில், பேருந்து, சிறுகடை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். முன்வைப்புத் தொகை இல்லை, 28 நாள் செல்லும். ஜேஆர் பாஸை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிப் பயணம் ஏறத்தாழ 14,000 யென்தான். போய்த் திரும்பினாலும் பாஸின் விலை தேறாது.

விரத நண்பரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் நாளில் மனம் சோர்வது பெரும்பாலும் சாப்பாட்டால்தான். காய்கறி மட்டுமே தெரியும் கிண்ணத்திலும் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி எனப்படும் உலர்மீன் சீவலில் காய்ச்சியதாக இருக்கும். சோபா, உடோன் எனும் நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப் மூன்றுக்கும் இது பொருந்தும். டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பதுண்டு. நம் நாக்குக்குப் பழகியதாகத் தோன்றும் ஜப்பானியக் கறியின் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது சாதாரணம். ஆகவே மாட்டிறைச்சி உண்ணாத மற்ற மூவரும்கூட விசாரித்த பிறகே சாப்பிடுங்கள். சிறுகடைகளில் உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்த சோற்றுருண்டை, வாழைப்பழம், சோயாப்பால், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றால் பகலை ஒப்பேற்றலாம், உறையின் பின்புறத்தைக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் படித்துப் பார்த்துக்கொண்டு. இரவுக்கு, தோசை அரை நாளிலேயே நினைவுக்கு வந்துவிட்டால், தோசாய் மெட்ரோ ரயில் தடத்தில் நிஷி கசாய் வரலாம். இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி அது. ஆனால் கேட்டால் சொல்வேன்: முதல் நாளே அங்கே வந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெட்டிகளைப் போட்டுவிட்டு சென்சோஜி கோயிலுக்கு நடந்து போங்கள். தோக்கியோவின் மிகப் பழைய கோயில் அது. 628ஆம் ஆண்டில் சுமிடா ஆற்றில் மீனவச் சகோதரர் இருவரின் வலையில் கன்னோன் எனும் பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலை சிக்கியதிலிருந்து அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். இப்போது நிற்கும் பெரிய மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958இல் மீண்டும் கட்டப்பட்டது. சனிக்கிழமை நகமிசே கடைத்தெருவில் தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் வாசல் போல நெருக்கம் இருக்கும். அங்கிருந்து வடகிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ஆற்றோர மேட்டில் மட்சுச்சியாமா ஷோதென் என்ற சிறிய கோயில். அங்கே வணங்கப்படும் கங்கிதென் நம் விநாயகரேதான். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவர். உருவத்தைத் திறந்து காட்டமாட்டார்கள். படைப்பது முள்ளங்கி, அங்கேயே விற்பார்கள். அன்று முழுவதும் எதைச் சாப்பிடலாம் என்று தேடி அலையும் உங்கள் நண்பருக்கு அந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய தலைமையாசிரியர்:

பாட்டி கேள்விப்பட்டது உண்மை. தோக்கியோவில் யசுகுனி ஆலயத்தின் யூஷூகான் காட்சியகத்தில், நுழைந்தவுடன் உள்ள முன்கூடத்தில், சி56 31 என்ற நீராவி இயந்திரம் நிற்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைத்து 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையில் ஓடியது அது. முன்கூடம் வரை செல்லக் கட்டணச்சீட்டு தேவையில்லை. குடான்ஷித்தா நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான்.

எனினும் அதை முதல் நாளில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரம் பளபளப்பாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களைப் பற்றி அதன் விளக்கப் பலகையில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆலயத்தில் போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட தலைவர்களும் 1978 முதல் வைத்து வணங்கப்படுகிறார்கள் என்பதால், எங்கே நிற்கிறோம் என்று அறிந்துகொண்டு போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில், அடுத்து எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே பார்த்துவிட்டு வரும் இடமல்ல அது. பாட்டிக்கு அண்ணனின் பெயரோடு ஒரு கல்லறைகூட இல்லை என்பதைப் பேரன் நினைத்துப் பார்க்கட்டும். நடுவில் ஒரு வேலைநாள் காலை, கூட்டம் குறைந்த நேரத்தில், அவனோடு விருப்பமுள்ள ஒருவர் மட்டும் போனால் போதும். நால்வரும் வரிசையாகப் போக வேண்டும் என்பதில்லை. புறப்படுவதற்கு முன் பாட்டியிடம் அண்ணனின் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் போன காலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

செம்பனைச்சாலை:

அனைவருக்கும் நன்றி. குழுவில் எல்லாப் பதில்களையும் பகிர்ந்தேன். பூஜி செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. வியாழன் காலை யசுகுனிக்குப் பாட்டியின் பேரனும் நானும் போகிறோம். குக்கர் வீட்டிலேயே இருக்கும், விரதத்தில் இருப்பவனுடைய அம்மாதான் அதிகம் வருந்தினார். ஒரு சந்தேகம் மட்டும்: முள்ளங்கிக் கோயிலை மூன்று மணிக்கு அறை எடுத்த பிறகு பார்ப்பதா, முன்பா?

ஆறாவது மாடி:

முன்பே பார்த்துவிடுங்கள், தம்பி. அது மாலைக்குள் மூடிவிடும். சென்சோஜியின் மண்டபம் ஐந்து மணிக்கு மூடினாலும் வளாகம் இரவிலும் திறந்திருக்கும், விளக்கொளியில் கூட்டமும் குறையும். அறையில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து மீண்டும் அங்கே வரலாம். வெளியே போகும்போதெல்லாம் கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு அது சட்டப்படி கட்டாயம். பையில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் உறையும் இருக்கட்டும். தெருவில் குப்பைத்தொட்டியைக் காண்பது அரிது.