சின்ன வயசுல, புத்தி எவ்வளவுன்னு பாக்குற மூளை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

மாசிவீதி அக்கா:
1962, எனக்கு 9 வயசு. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன், மந்தம்னு ஸ்கூல்ல எழுதிக் குடுத்துட்டாங்க, அப்பா கடன் வாங்கி ராத்திரி ரயில்ல மெட்ராஸ் கூட்டிட்டுப் போனாரு. பத்து குழி பலகை, அந்தக் குழிகள்ல பொருந்துற பத்து கட்டை, மூணு தடவை போடணும், டெஸ்ட் பண்ணுனவர் கையில ஸ்டாப்வாட்ச். கடைசித் தடவை நட்சத்திரக் கட்டை குழியில டக்குனு உக்காந்தது இன்னும் விரல்லயே இருக்கு. அப்புறம் கேள்வி. அவர் குனிஞ்சு எழுதிக்கிட்டே கேட்டாரு, வாய் தெரியல, நான் பேசாம இருந்தேன். மனவயசு 6, அதாவது புத்தி ஆறு வயசுப் புள்ள அளவுதான்னு எழுதிட்டாரு. ரெண்டு காதும் மந்தம்னு 14 வயசுலதான் தெரிஞ்சுச்சு. திரும்பி வர்றப்ப திண்டுக்கல் தாண்டியும் அப்பா வாய் அசையவே இல்ல.

மேலூரான்:
உங்களையாவது மெட்ராஸ் வரைக்கும் கொண்டு போனாங்க அக்கா. எனக்கு இடது கைப் பழக்கம், சார் அந்தக் கையத் துண்டால டவுசரோட சேத்துக் கட்டிருவாரு. அந்த வருஷந்தான் திக்க ஆரம்பிச்சுச்சு. அம்மா பாண்டி கோயில்ல கயிறு கட்டுனாங்க. இந்த டெஸ்ட்டெல்லாம் வெள்ளைக்காரப் புள்ளைகளுக்குப் பண்ணுனது, நமக்கு எப்படிப் பொருந்தும்?

ரிட்டையர்டு டீச்சர்:
தம்பி, பாதிதான் சரி. 1905ல பாரிஸ்ல பினேங்கிற மனோதத்துவக்காரர் இந்தக் கேள்வி டெஸ்ட்டப் பண்ணுனதே எந்தப் புள்ளைக்குக் கூடுதலா சொல்லிக் குடுக்கணும்னு பாக்கத்தான், ஒதுக்கி வைக்க இல்ல. 1930கள்லயே நம்ம நாட்டுல காமத்னு ஒருத்தர் அதைக் கன்னடம், மராத்திக்கு மாத்திட்டாரு, பம்பாய்ல சோசியல் வொர்க் சொல்லிக் குடுத்த டாடா ஸ்கூல் 1937ல குழந்தைகளுக்குன்னே கிளினிக் தொறந்துச்சு. அந்த மாதிரி கிளினிக்ல டாக்டர், மனநல ஆள், வீட்டு நிலைமை விசாரிக்கிற சோசியல் வொர்க்கர் மூணு பேரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும், ஒத்த ஆள் ஒத்த நம்பர் எழுதி அனுப்பக் கூடாது. 1952-53ல ஹைஸ்கூல் படிப்பப் பத்தி ஆராய்ஞ்ச முதலியார் கமிஷனும் ஹைஸ்கூல்ல புள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் வேணும்னு சொல்லுச்சு, 1968ல நான் வேலைக்குச் சேந்தப்ப எங்க ஸ்கூல்ல அப்படி ஒருத்தரும் கிடையாது. பலகைய நல்லாப் போட்டு கேள்வியில மட்டும் விட்டா மொதல்ல காதைப் பாக்கணும், அதைக் கூடவா யோசிக்கல? பேரப்புள்ளைங்க கூப்பிட்டாத் திரும்பலன்னா திட்டாதீங்க, பின்னாடி நின்னு மெதுவாக் கூப்பிட்டுப் பாருங்க, அப்புறம் காது டாக்டர், கண்ணு டாக்டர், அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம். என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன, முன்னாடி உக்கார வச்சதும் படிச்சுட்டான், அவ்வளவுதான்.

மாசிவீதி அக்கா:
டீச்சர், அப்பா காலமான பெறகு அந்த டெஸ்ட் சீட்டு பீரோல கெடச்சுச்சு. பலகைக்கு நேரா "வயசுக்குச் சரி"ன்னு இருக்கு. அதுக்குக் கீழ மட்டும் அப்பா பென்சிலால ரெண்டு கோடு போட்டு வச்சிருக்காரு.